புது ஆட்டோகேட் வந்துடுச்சு, போடலாமா வேண்டாமா?

ரெவ்யூ காலை ஒன்பதரைக்கு. எட்டே முக்காலுக்கு லேப்ல இருந்து டீம்மேட் போன் பண்றான். "மச்சி, அசெம்ப்ளி டிராயிங் ஓபன் ஆகல டா." பென் டிரைவ் போச்சுன்னு நினைச்சு, ஹாஸ்டல்ல இருந்தே மெயில்ல திரும்ப அனுப்பினேன். அதுவும் ஓபன் ஆகல. அப்புறம் லேப் அசிஸ்டண்ட் அண்ணா போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, எந்த வெர்ஷன்ல வரைஞ்ச?"

அதுவரைக்கும் எல்லா ஷீட்டையும் லேப்லயேதான் வரைஞ்சோம். அங்கே இருப்பது ஆட்டோகேட் 2016. கடைசி வாரம், ராத்திரியிலும் வேலை பார்க்கலாமேன்னு என் லேப்டாப்ல புது வெர்ஷன் போட்டு, அசெம்ப்ளியை மட்டும் அதில் புதுசா வரைஞ்சேன். ஃபைல் கெட்டுப்போகவே இல்லை. பழைய சாஃப்ட்வேருக்கு அதைப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான்.

டிடபிள்யூஜி என்பது ஒரே ஃபார்மேட் என்றுதான் நம்மில் பலர் நினைச்சிட்டிருக்கோம், ஏன்னா எல்லா ஃபைலுக்கும் பின்னால் அதே மூணு எழுத்துதான் இருக்கு. ஆனால் ஆட்டோடெஸ்க் சில வருஷத்துக்கு ஒருமுறை அதன் உள்ளமைப்பை மாற்றும். 2010 முதல் 2012 வரை ஒரு ஃபார்மேட். 2013 முதல் 2017 வரை இன்னொன்று. 2018-ல் வேறொன்று வந்தது. அதற்குப் பிறகு வந்த 2019, 2021, 2024, 2025 எல்லாம் அதே 2018 ஃபார்மேட்டில்தான் சேவ் பண்ணும். புது வெர்ஷன் பழைய ஃபைலைத் திறக்கும், பழைய வெர்ஷன் புது ஃபார்மேட்டைத் திறக்காது. அதனால் உங்க ஃப்ரெண்ட்கிட்ட 2019 இருந்து உங்ககிட்ட 2025 இருந்தால், சாதாரண டிராயிங்கை மாற்றிக்கொள்வதில் சிக்கல் வராது. அவன்கிட்ட 2017 இருந்தால் வரும். வெர்ஷன் நம்பர்ல எத்தனை வருஷ வித்தியாசம் என்பது முக்கியமில்லை, நடுவில் ஃபார்மேட் மாறியதா என்பதுதான் முக்கியம்.

ஒரு ஃபைல் எந்த ஃபார்மேட்னு தெரியலைன்னா நோட்பேட்ல திறந்து பாருங்க. முழுக்கப் புரியாத குறிகளா வரும், ஆனால் முதல் ஆறு எழுத்து மட்டும் சுத்தமா தெரியும். ஏசி1027-னு இருந்தால் 2013 ஃபார்மேட், ஏசி1032-னு இருந்தால் 2018 ஃபார்மேட். பார்த்துட்டு சேவ் பண்ணாம மூடிடுங்க. நோட்பேட்ல சேவ் பண்ணினா டிராயிங் நிஜமாவே போயிடும்.

நான் அன்னிக்கு பண்ணினது ரெண்டு நிமிஷ வேலை. சேவ் ஆஸ் கொடுத்து, ஃபைல் டைப்ல 2013-ஐத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன், லேப்ல ஓபன் ஆயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் இதை ஞாபகம் வச்சுக்க முடியாதுன்னா, ஆப்ஷன்ஸ்ல ஓபன் அண்ட் சேவ் டேப்புக்குப் போய் டீஃபால்ட் ஃபார்மேட்டையே 2013-ஆ மாத்திடலாம். லேப்ல பழசு இருக்கிற எல்லாரும் புது வெர்ஷன் போட்ட கையோட பண்ண வேண்டிய முதல் வேலை இதுதான். புது வெர்ஷன் கையில் இல்லாதவங்களுக்கு, ஆட்டோடெஸ்க்கின் டிடபிள்யூஜி ட்ரூவியூ இலவசமாவே ஃபார்மேட் மாத்திக் கொடுக்கும். (எங்க லேப் கம்ப்யூட்டர்ல எதை இன்ஸ்டால் பண்ணணும்னாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும் என்பது வேற கதை.)

அப்போ புதுசு எதுக்கு? உண்மையாவே சில நல்ல விஷயம் இருக்கு. 2019-ல் வந்த டிடபிள்யூஜி கம்பேர், ஒரே டிராயிங்கின் ரெண்டு பதிப்பில் என்ன மாறியிருக்குன்னு கலர்ல காட்டும். நாலு பேர் சேர்ந்து ஒரே ஷீட்ல கை வைக்கிற டீமுக்கு இது வரப்பிரசாதம். 2022-ல் வந்த கவுண்ட், எத்தனை போல்ட், எத்தனை கதவுன்னு பிளாக்குகளை எண்ணிக் கொடுக்கும். பழக்கம் மாறுவதும் உண்டு. 2021 முதல் ட்ரிம் கமாண்ட் கட்டிங் எட்ஜ் கேட்காம நேரா வெட்ட ஆரம்பிச்சுடும். வீட்ல இதிலேயே பழகிட்டு, லேப் எக்ஸாம்ல 2016 முன்னாடி உட்கார்ந்தா கை ஒரு நிமிஷம் திணறும். அங்கே ட்ரிம் கொடுத்ததும் ஒரு என்டர் கூடுதலா தட்டணும்.

ஆட்டோகேட்ல பின்னாடி போக வழியாவது இருக்கு. சாலிட்வொர்க்ஸ்ல நிலைமை மோசம். புது வெர்ஷன்ல ஒருமுறை சேவ் பண்ணின பார்ட் ஃபைலைப் பழையதில் திறந்து எடிட் பண்ண முடியாது. 2024 வெர்ஷன்லதான் முந்தைய வெர்ஷனுக்கு சேவ் பண்ணும் வசதியே வந்தது, அதுவும் ரெண்டு வெர்ஷன் பின்னாடி வரைக்கும்தான். ஸ்டெப் ஃபைலா மாத்தி அனுப்பலாம். வடிவம் வரும், ஆனால் ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட் என்ற ஃபீச்சர் ட்ரீ வராது. ஒரு டைமென்ஷனை மாத்தணும்னா கஷ்டம். அதனால் சாலிட்வொர்க்ஸ்ல டீம் மொத்தமும் ஒரே வெர்ஷன், விவாதமே வேண்டாம். சிவில் பசங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: சிவில் 3டி ஃபைலும் டிடபிள்யூஜிதான் என்றாலும், அதில் இருக்கிற சர்ஃபேஸ், அலைன்மென்ட் எல்லாம் சாதாரண கோடு இல்லை. வெர்ஷன் மாறினா அவை பழையதில் ஒழுங்கா வராது.

இன்டர்ன்ஷிப்புக்கு நான் போன கோயம்புத்தூர் டிராஃப்டிங் ஆபீஸ்ல இன்னமும் பழைய வெர்ஷன்தான். முதல் நாள் எனக்கு சிரிப்பா இருந்தது. அங்கிருந்த சீனியர் அண்ணா காரணம் சொன்னப்போ சிரிப்பு நின்னுடுச்சு. ஒருமுறை காசு கொடுத்து வாங்கின லைசென்ஸ் அது. ஆட்டோடெஸ்க் அந்த மாதிரி லைசென்ஸ் விற்பதை 2016 ஜனவரியோட நிறுத்திட்டாங்க, இப்போ சந்தாதான். புதுசுக்குப் போனா ஒவ்வொரு சீட்டுக்கும் வருஷா வருஷம் பணம். போதாததுக்கு அவங்களே எழுதின பிளக்இன் இருக்கு, தினமும் அதை வச்சுதான் பார்ட் லிஸ்ட் எடுக்கறாங்க. 2025 வெர்ஷன் டாட்நெட் 8-க்கு மாறியதால், பழைய டாட்நெட் பிளக்இன்களை அதற்கேத்த மாதிரி திரும்ப பில்டு பண்ணணும். எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார். "யாருப்பா இப்போ அதைத் தொடுறது?"ன்னார். ஆனா அவரே இதையும் சொன்னார்: கிளையண்ட் 2018 ஃபார்மேட்ல அனுப்பினா ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி மாத்திக் கேட்கணும், அது ஒரு மானப் பிரச்சினை.

நமக்குக் காசுப் பிரச்சினை இல்லை. ஸ்டூடண்ட் லைசென்ஸ் இலவசம், வருஷத்துக்கு ஒருமுறை ரினியூ பண்ணினா போதும். (அதை வச்சு வெளியில காசுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கக் கூடாது, தெரிஞ்சுக்கோங்க.) லேப்டாப்தான் தாங்கணும். 4 ஜிபி ரேம் வச்சுக்கிட்டு புதுசு போட்டால் ஹேட்ச் போடும்போது டீ குடிச்சிட்டு வரலாம். 8 ஜிபியாவது வேணும்.

செகண்ட் இயர், தேர்டு இயர் தம்பி தங்கச்சிகளுக்கு என் கருத்து: தாராளமா போடுங்க, லீவுல போடுங்க. ஃபைனல் இயர்னா, புராஜெக்ட் பாதியில் இருக்கும்போது தொடாதீங்க. கை அரிச்சா, பழசை அன்இன்ஸ்டால் பண்ணாம பக்கத்துலயே புதுசைப் போடுங்க. ரெண்டும் ஒரே மெஷின்ல சண்டை போடாம இருக்கும். புராஜெக்ட் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியை மட்டும் புதுசில் திறந்து, 2013-ல் சேவ் பண்ணி, லேபுக்குக் கொண்டுபோய் ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்க. லைன்வெயிட், ஃபான்ட், டைட்டில் பிளாக் மூணும் சரியா வந்தா அப்புறம் மாறிக்கலாம்.

எங்க ஷீட் ஒன்பது இருபதுக்கு பிளாட்டர்ல இருந்து வெளியே வந்தது. டைட்டில் பிளாக்ல கைட் சார் பேர்ல ஒரு இனிஷியல் விட்டுப்போயிருந்தது. அதுக்கு எந்த வெர்ஷன்லயும் கமாண்ட் இல்லை.