முதியோர் உணவில் புரதச் சத்து

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியும், இடுக்கி மாவட்டத்தின் காந்தல்லூர், வட்டவடைப் பகுதிகளும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலை நாடுகள். இங்கு வீடுகளுக்குச் செல்லும் களப்பணியாளர்கள், முதியவர் ஒருவர் காலையில் வெறுந்தேநீரும், நண்பகலில் சிறிது சோறும் நீர்த்த குழம்பும், இரவில் கஞ்சியும் உண்டு அமைதியுறுவதைக் காணக்கூடும். "வயதாகிவிட்டது; இது போதும்" என்பார் அவர். வீட்டாரும் அதனை ஏற்றுக்கொள்வர். ஆனால் இக்கூற்றில் பாதியே உண்மை.

முதுமையில் உழைப்புக் குறைவதால் உடலுக்கு வேண்டிய எரிசக்தி குறைகின்றது. புரதத்தின் தேவையோ குறைவதில்லை. வயது ஏறும்போது தசைகள் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. புரதம் போதாவிடில் அத்தேய்வு விரைவுபடும். கால் வலுவிழந்தவர் மலைப்பாதையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டும் துணையின்றி நடமாடுவது அரிதாகிவிடும்.

எவ்வளவு புரதம் வேண்டும்? 1918-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பிரிவே இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அது 2020-இல் வெளியிட்ட அளவின்படி, உடல் எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் தேவை. எனவே 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 42 கிராம் வேண்டும்.

200 கிராம் அரிசியில் ஏறக்குறைய 16 கிராம் புரதமே உண்டு. அதனுடன் 50 கிராம் துவரம்பருப்பு (11 கிராம்), 50 கிராம் கேழ்வரகு (3.5 கிராம்), ஒரு முட்டை (6 கிராம்), ஒரு குவளைப் பால் (6 கிராம்) சேர்ந்தால் தேவை நிறைவுறும். முட்டை உண்ணாதோர் பயறு, நிலக்கடலை ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி; 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு உள்ளது.

இவற்றுட் சில தொலைவிலிருந்து வரவேண்டியவை அல்ல. அட்டப்பாடியின் துவரையும் அவரையும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றவை. கேழ்வரகும் அங்கு தொன்றுதொட்டு விளைவது. விளைபொருள் சந்தைக்குச் செல்லுமுன் வீட்டுப் பானைக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படுதல் வேண்டும்.

களப்பணியாளர் கவனிக்கத்தக்கவை சில:

1. பல் இழந்தவர்க்குப் பருப்பைக் குழைய வேகவைத்தும், கேழ்வரகைக் கூழாகவோ களியாகவோ ஆக்கியும் தருதல் நன்று.

2. பசி குறைந்தவர்க்கு மூன்று வேளை உணவை ஐந்தாகப் பிரித்து அளிக்கலாம்.

3. தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். ஆகையால் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுதல் வேண்டும்.

4. தனித்து உண்பவர் குறைவாகவே உண்பர். ஒரு வேளையேனும் குடும்பத்தாருடன் அமர்ந்து உண்ணச் செய்தல் சிறந்த மருந்து.

5. ஆறு மாதத்தில், முயலாமலே, எடை இருபதில் ஒரு பங்கு குறைந்திருப்பின் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்றுதல் முறை.

ஆசிரியர்கள் இதனை ஓர் எளிய பயிற்சியாக்கலாம். மாணவர்கள் தம் பாட்டனாரோ பாட்டியாரோ ஒரு நாளில் உண்டதை எழுதிவந்து, மேற்கண்ட அளவுகளைக்கொண்டு புரதத்தைக் கணக்கிடட்டும். அக்கணக்கைக் கண்ட பிள்ளை வீட்டிற்குத் திரும்பியதும், பாட்டியின் தட்டில் பருப்பு இருக்கின்றதா என்று தானே பார்க்கும்.