காத்திருப்போர் பட்டியலில் நடந்த பரிசோதனை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2001-இல் மார்கரெட் மார்ட்டின் என்பவர் 'ஹார்மனி ப்ராஜெக்ட்' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுத்து, பாடமும் இலவசமாகச் சொல்லித்தருவது அதன் வேலை. நன்கொடைக்கு ஓர் அளவு உண்டு. சேர வரும் பிள்ளைகளோ அதைவிட அதிகம். மிச்சப் பேர் காத்திருந்தார்கள்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் நீனா க்ரவுஸுக்குக் கைகொடுத்தது இந்தக் காத்திருப்புதான். பாட்டு கற்கும் பிள்ளை படிப்பிலும் கெட்டி என்று யாராவது சொன்னால், அதற்குக் காரணம் பாட்டா, பணம் கட்டிப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரா என்று உடனே சந்தேகம் வரும். இங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. எல்லாக் குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே நிலை. எல்லோருக்கும் சேர ஆசை. 6 முதல் 9 வயதுவரையுள்ள 44 பிள்ளைகளைக் குலுக்கல்போலப் பிரித்தார்கள். ஒரு பிரிவு உடனே வகுப்பில் சேர்ந்தது; இன்னொன்று ஓராண்டு கழித்து.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது இரண்டே ஒலிகள்: 'பஸ்' என்பதில் வரும் ப, 'காந்தி' என்பதில் வரும் க. இரண்டோடும் 'ஆ' சேர்த்துச் சொல்லிப்பாருங்கள். வித்தியாசமெல்லாம் தொடக்கத்தின் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் முடிந்துவிடும். பிறகு ஒலிப்பது ஒரே 'ஆ'தான். தலையில் மின்முனைகளை ஒட்டி, காதருகே இந்த ஒலிகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், மூளையின் மின்னலைகள் அந்த ஒலியின் வடிவத்தையே பின்பற்றி எழும். அந்த அலையை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் அசல் ஒலியை ஓரளவு அடையாளம் காணலாம்! 'கா'வுக்கான அலை, 'பா'வுக்கானதைவிட ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் முந்தும். அந்த இடைவெளி எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ, அவ்வளவு துல்லியமாக மூளை எழுத்தொலிகளைப் பிரிக்கிறது என்று பொருள். வாசிக்கக் கற்பதற்கு இது அடித்தளம்.

ஓராண்டு முடிந்ததும் அளந்தார்கள். மாற்றம் எதுவும் இல்லை.

இரண்டாம் ஆண்டின் முடிவில்தான், இரண்டு வருடமும் வாத்தியம் வாசித்த பிள்ளைகளின் மூளை இந்த ஒலிகளை மற்றவர்களுடையதைவிடத் தெளிவாகப் பிரித்தது. 2014-இல் முடிவு வெளியானது. ஏன் இவ்வளவு தாமதம்? இந்த அலை எழும் மூளைத்தண்டு, ஒலியைக் கடத்தும் வெறும் கம்பியில்லை. மேலே இருக்கும் மூளைப் புறணி, எது கவனிக்கத் தக்கது என்று கீழே சொல்லிக்கொண்டே இருக்கிறது. சுருதி பிசகியதைக் கேட்டு, விரலை நகர்த்தி, மறுபடி கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி இறங்குகிறது. படிவதற்கு நாளாகும். வகுப்புக்கு ஒழுங்காக வந்து ஈடுபட்ட பிள்ளைகளிடம் பலன் கூடுதலாக இருந்ததையும், இசையைப் பற்றிப் பாடம் கேட்டவர்களைவிட வாத்தியம் வாசித்தவர்களிடமே மாற்றம் தெரிந்ததையும் இதே குழு பிறகு காட்டியது.

44 பேர் சிறிய எண்ணிக்கைதான். வயலின் கற்றால் மதிப்பெண் கொட்டும் என்று இதை வைத்து விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நன்கொடை கொடுப்போர் பெரும்பாலும் ஆண்டறிக்கை கேட்பவர்கள். முதலாண்டு அறிக்கையைப் பார்த்துவிட்டு இந்தப் பிள்ளைகளுக்கான பணத்தை நிறுத்தியிருந்தால், கணக்குப்படி அது நியாயமாகவே தோன்றியிருக்கும். புது வயலினோடு சிரிக்கும் பிள்ளையின் படம் முதல் வாரமே கிடைத்துவிடுகிறது. வாத்தியம் வாங்கித்தர ஆள் கிடைப்பதும் அதனால்தான். நான் அப்படியோர் அமைப்பை நடத்தினால், நன்கொடை தர வருகிறவரிடம் இரண்டாம் ஆண்டு ஆசிரியர் சம்பளத்தைத்தான் கேட்பேன்.