உயரத்துக்குப் போடும் ஊசி... பிள்ளைக்கு சுகரைக் கொண்டுவருமா?

'கூடப் படிக்கிற பசங்கல்லாம் வளர்ந்துட்டாங்க. இவன் மட்டும் அப்படியே இருக்கானே..!' பரவையிலிருந்து மதுரைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோருக்கு முதலில் இந்தக் கவலைதான். வளர்ச்சி ஹார்மோன் குறைவு, தினமும் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அடுத்த கவலை தொற்றிக்கொள்ளும். 'தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சுகர். இந்த ஊசியால இவனுக்கும் வந்துருமோ?'

நியாயமான கேள்விதான். பிட்யூட்டரி சுரப்பியில் உருவாகும் இந்த ஹார்மோன் எலும்பை வளர்ப்பதோடு நிற்பதில்லை. இன்சுலினின் வேலைக்கும் குறுக்கே நிற்கும். இது கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுவதால், தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்வது குறைகிறது. அதை ஈடுகட்ட கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சிரமமில்லை. ஏற்கெனவே திணறும் கணையம்தான் மாட்டிக்கொள்ளும்.

2000-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பல நாடுகளில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 23,333 பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தார்கள். டைப் 1 சர்க்கரை நோய் கூடவில்லை. டைப் 2 மட்டும் எதிர்பார்த்ததைவிட 6 மடங்கு! கேட்டதும் பகீரென்கிறதா? லட்சம் பிள்ளைகள் ஓராண்டு ஊசி போட்டால், சுமார் 34 பேருக்கு வரும் என்பதுதான் அந்த 6 மடங்கு. ஆனால், ஊசியை நிறுத்திய பிறகும் அவர்களை விட்டு அது போகவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

உடல் பருமன், குடும்பத்தில் சுகர், டர்னர், பிராடர் வில்லி போன்ற மரபணுக் குறைபாடுகள்... இவை உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் உள்ள நாட்டில், 'குடும்பத்தில் சுகர்' என்பது எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும்! அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தொடங்கும் முன்பே ரத்தச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி பார்த்துவிட்டு, சிகிச்சை நடக்கும்போதும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்டாலோ, படுக்கையை நனைத்தாலோ, எடை இறங்கினாலோ அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம். அதற்காகப் பயந்து ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கால்பந்து வீரர் மெஸ்ஸி, சிறுவயதில் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்தான். அவருக்குக் குறைபாடு உறுதியாகியிருந்தது. குள்ளமாக இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவையில்லை. அப்பா, அம்மா உயரம், தைராய்டு, சத்துக்குறைவு என்று காரணம் வேறாகவும் இருக்கலாம். நான்கு வயதுக்கு மேல், ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர்கூட வளராத பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், கணக்குச் சொல்ல அது போதும்.