ஊரிகத்து மண்ணை வண்ணமாக அரைக்கலாமா?

மண்ணையும் கல்லையும் அரைத்து, கையால் செய்த தாளில் தீட்டும் கலைஞர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். முறை பழையது; சித்தன்னவாசல் ஓவியங்களில் இன்றும் தெரியும் சிவப்பும் மஞ்சளும் இரும்பு கலந்த காவி மண்ணின் நிறங்களே. புதியது என்னவென்றால், மண் எந்த ஊருடையது என்பதே இன்று படைப்பின் பொருளாகிறது. அந்தக் கண்ணோடு வருபவரை, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள ஊரிகம் உடனே ஈர்க்கும். தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் காலூன்றியது முதல் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டதுவரை 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள். தங்கம் போனது; மாவாக அரைபட்ட பாறை சயனைடு மேடுகளாகக் குடியிருப்புகளை ஒட்டியே நிற்கிறது. அதை அள்ளித் தீட்டினால் ஊரின் கதையே தாளில் ஏறும் என்று தோன்றலாம். ஆனால், அப்படியே அள்ளி அரைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

தங்கத்தைப் பிரிக்கக் கலந்த சயனைடு வெயிலில் நாளடைவில் சிதையும். பாறையிலிருந்தே வந்த ஆர்செனிக் சிதையாது. அதைவிடக் கொடியது வெள்ளைக்கல் தூசி. தங்கம் ஓடியது குவார்ட்ஸ் எனும் அந்தக் கல்லில்தான். அதன் தூசியைச் சுவாசித்தே எத்தனையோ தொழிலாளர்கள் சிலிகோசிஸ் எனும் நுரையீரல் நோய் வந்து மாண்டார்கள். வண்ணம் அரைப்பவர் மூச்சில் ஏறுவதும் அதே தூசிதான்.

அமெரிக்காவின் ஓஹியோவில் சுரங்கக் கழிவிலிருந்து வண்ணம் செய்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே ஓவியர் ஜான் சேப்ராவும் பொறியியலாளர் கை ரீஃப்ளரும், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் அமில நீரில் உள்ள இரும்பைப் பிரித்து உலர்த்தி வண்ணப்பொடி ஆக்குகிறார்கள். பொடி சேரச் சேர ஓடை தெளிகிறது. ஊரிகத்தில் ஒரு கூடை மண்ணை அள்ளினால் மேடு குறையாது. காற்றில் தூசிதான் கூடும். மண்ணைத் தொடாவிட்டால் ஊரின் வலி வெறும் செய்தியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால், மகாராஷ்டிரத்தின் சந்திரபூரில் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஓவியர் பிரபாகர் பச்புதே கரித்துண்டால் சுவர் முழுக்க வரைகிறார். அந்தக் கரி சுரங்கத்து நிலக்கரி அல்ல. ஆனாலும் அதில் சுரங்கமும் உழைப்பும் கண்முன் நிற்கின்றன. சிவப்புதான் வேண்டுமென்றால், கோலாரின் செம்மண் வயல்களில் அது தாராளமாகக் கிடைக்கும். மேட்டு மண்தான் வேண்டுமென்றால், ஆய்வகத்தில் சோதிக்காமல் எந்தப் பயிலரங்கிலும் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.