குழாய்க்குப் போர்த்திய கல்நார்

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் கூரைக்குப் போடும் சாம்பல் நிற ஷீட்டுதான் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நினைவுக்கு வரும். ஆனால் சிமெண்டோடு கலந்து இறுகிய அந்த ஷீட்டு, இக்கனிமத்தின் பல பயன்களுள் ஒன்று மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது மனிதக் கைகளில் மிக நெருக்கமாகப் புழங்கிய இடங்களுள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் முன்வரிசையில் நிற்கின்றன. பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டாலும் பஞ்சுபோல் இழை இழையாகப் பிரிவதால் இதற்குத் தமிழில் கல்நார் என்ற பெயர் பொருத்தமாக அமைந்தது. கல்நார் என்பது ஒரே கனிமம் அன்று. ஆறு வகைச் சிலிகேட் கனிமங்களுக்கான பொதுப்பெயர். அவற்றுள் வெள்ளைக் கல்நார் எனப்படும் கிரைசோடைல், பழுப்பு நிற அமோசைட், நீல நிறக் குரோசிடோலைட் ஆகிய மூன்றுமே தொழிலில் பெரிதும் பயன்பட்டன.

சுத்திகரிப்பு ஆலை என்பது அடிப்படையில் வெப்பத்தைக் கொண்டு எண்ணெயைப் பிரிக்கும் இடம். கச்சா எண்ணெய் உலையில் ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்பட்டு, வடிகோபுரத்துக்குள் அனுப்பப்பட்டு, அங்கே பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று கொதிநிலைக்கேற்பப் பிரிகிறது. இந்தச் சூடு வழியிலேயே வீணாகாமலும், அருகில் செல்பவரைச் சுடாமலும் இருக்க, கொதிகலன் முதல் நீராவிக் குழாய் வரை ஒவ்வொன்றுக்கும் போர்வை தேவைப்பட்டது. 85 சதவீதம் மக்னீசியம் கார்பனேட்டும் எஞ்சிய பங்கு கல்நாரும் கலந்து வார்த்த, குழாயின் வளைவுக்கேற்ற அரைவட்டக் கட்டிகளே நெடுங்காலம் அந்தப் போர்வையாக இருந்தன. இவை தவிர, இரு குழாய்கள் சேரும் பிளாஞ்சுகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கட்டும், வால்வின் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கும், உலைக் கதவின் ஓரத்தில் பதிக்கும் கயிறும், வெல்டர் அணியும் கையுறையும், தீப்பொறி விழாமல் விரிக்கும் கம்பளமும் கல்நாரால் ஆனவையாகவே இருந்தன.

குழாயின் மேல் முழுதாகவும் ஈரம் படாமலும் உடையாமலும் இருக்கும்வரை இந்தப் போர்வை பெரிதாகத் தூசு எழுப்புவதில்லை. அதைப் போடும்போதும் பிரிக்கும்போதும்தான் ஆபத்து பிறக்கிறது. கட்டியைக் கைரம்பத்தால் அறுத்து அளவுக்குக் கொண்டுவரும்போதும், மூட்டுகளைப் பூசுவதற்காக உலர்ந்த கல்நார்த் தூளைப் பையிலிருந்து வாளியில் கொட்டி நீரூற்றிக் குழைக்கும்போதும் எழுந்த வெண்புகை, அந்த வேலையைச் செய்தவரோடு நின்றுவிடாமல், பக்கத்துச் சாரத்தில் வேலை பார்த்த வெல்டரையும் பிட்டரையும் எட்டியது. அதனினும் கொடியது ஷட்டவுன் காலம். ஆலையை முழுதாக நிறுத்தி, சில வாரங்களுக்குள் எல்லாப் பழுதுகளையும் பார்த்துவிட வேண்டிய அந்த நாட்களில், ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து உதிரும் நிலைக்கு வந்த பழைய போர்வை கம்பியாலும் சுத்தியலாலும் அடித்துப் பெயர்க்கப்பட்டுக் கீழே விழுந்தது. பிளாஞ்சைக் கழற்றினால் பழைய கேஸ்கட் இரும்போடு இரும்பாக ஒட்டிக்கிடக்கும். அதைச் சுரண்டியால் நெம்பி, எஞ்சியதைக் கம்பிப் பிரஷ்ஷாலோ, நேரம் போதாதபோது சுழலும் கிரைண்டராலோ தேய்த்து எடுப்பதே வழக்கம். கிரைண்டரின் வட்டு பட்ட இடத்தில் கேஸ்கட் வாயால் ஊதினாலே பறக்கும் மென்தூளாகிறது. அந்தத் தூளுக்குச் சில அங்குலத் தொலைவில்தான் தொழிலாளியின் முகம் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளில் கல்நார் நோய்கள், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களைவிடப் பராமரிப்புத் தொழிலாளர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டதற்கு இதுவே காரணம்.

வேதிப்பொருள் ஆலைகளில் குளோரின் உற்பத்தியைத் தனியே சொல்ல வேண்டும். உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒருபுறம் குளோரினும் மறுபுறம் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கின்றன. இவை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தடுக்கும் திரையாகக் கல்நார் படிந்த வலை பயன்பட்டது. திரை தேயத் தேயப் பழையதை நீர்ப்பாய்ச்சலால் கழுவி எடுத்துப் புதிய கல்நாரைக் குழம்பாகக் கரைத்துப் படியவைக்க வேண்டும் என்பதால், இங்கே கல்நார் எந்நாளும் கைபடும் மூலப்பொருளாகவே இருந்தது. கல்நார் இல்லாத சவ்வுமுறை பின்னர் வந்த பிறகும், அமெரிக்காவில் சில குளோரின் ஆலைகள் பழைய முறையிலேயே தொடர்ந்தன.

உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள இழையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கும் தேறாத அளவுக்கு மெல்லிய இழை, மூக்கின் வடிகட்டல்களையெல்லாம் கடந்து நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்றுவிடுகிறது. அங்கே காவல் இருக்கும் விழுங்கணுக்கள், அதாவது அந்நியத் துகளை விழுங்கிச் செரிக்கும் உயிரணுக்கள், தம் உடலைவிட நீண்ட இழையை முழுதாக விழுங்க இயலாமல் பாதியில் சிதைந்து, தம்முள் இருந்த வேதிப்பொருள்களைச் சுற்றிலும் கொட்டுகின்றன. இது ஆண்டுக்கணக்கில் தொடர்வதால் நுரையீரல் தழும்பேறி விறைத்து, விரிந்து சுருங்கும் தன்மையை இழந்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலை வருகிறது. இந்நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். நுரையீரல் புற்றும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய, கொடிய புற்றும் பிற விளைவுகள். புகைபிடித்தல் இதனோடு சேரும்போது என்னாகும் என்பதை நியூயார்க் மருத்துவர் இர்விங் செலிகாஃப் குழுவினர் காப்புப்போர்வைத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு கல்நார் மட்டும் பட்டவருக்கு ஏறத்தாழ 5 மடங்கும், புகைபிடித்தவருக்கு 11 மடங்கும், இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கு மேலும் இருந்தது. வேலை உடையில் ஒட்டிய இழை வீட்டுக்கும் வந்ததால், அதை உதறித் துவைத்த மனைவியரும் மீசோதீலியோமாவுக்கு ஆளாயினர் என்பது இவ்வரலாற்றின் நெஞ்சை அறுக்கும் பகுதி.

மீசோதீலியோமா தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகும். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார், ஆலை கைமாறியிருக்கும், அவர் எந்த ஆண்டு எந்தக் குழாயைப் பிரித்தார் என்பதற்குச் சான்று தேய்ந்திருக்கும். இந்த நீண்ட இடைவெளியே நோயைப் போலவே கொடிய சிக்கல் என்பதை, அமெரிக்காவின் டெக்சாஸில் வாழ்ந்த கிளாரன்ஸ் போரெலின் வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. 1936 முதல் 1969 வரை 33 ஆண்டுகள், டெக்சாஸ்-லூசியானா எல்லையை ஒட்டிய சுத்திகரிப்பு ஆலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் காப்புப்போர்வை போடுவதே அவர் தொழில். நாள் முடிவில் உடை முழுதும் தூசு படிந்திருக்கும் என்றும், தூசு உள்ளே இறங்காதிருக்க மூக்குத் துளைகளில் மெந்தோலேட்டம் களிம்பு தடவிக்கொள்வதுண்டு என்றும், நுரையீரலை அடைந்ததும் தூசு கரைந்துவிடும் என்றே நம்பியதாகவும் அவர் வாக்குமூலம் அளித்தார். 1969-இல் அவருக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று உறுதியானது. மறு ஆண்டு வலது நுரையீரலை அகற்றியபோது மீசோதீலியோமாவும் தெரிந்தது. வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே அவர் இறந்தார்.

அவர் நம்பியது தவறு என்பது மருத்துவ உலகுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற ஆலைத் தொழிலாளியின் மரணத்தை ஆராய்ந்து 1924-இல் மருத்துவர் குக் எழுதியிருந்தார். 1930-இல் பிரிட்டிஷ் ஆலை ஆய்வாளர்களான மெரிவெதரும் பிரைஸும் அளித்த அறிக்கையை ஒட்டி, போரெல் வேலையில் சேர்வதற்கு முன்பே பிரிட்டன் தூசுக் கட்டுப்பாட்டு விதிகளை இயற்றிவிட்டது. ஆனால் அமெரிக்கக் காப்புப்பொருள் பைகளில் எச்சரிக்கை வாசகம் அச்சாகத் தொடங்கியதோ 1964-இல்தான். அறிந்த செய்தி உழைப்பவரின் காதுக்கு எட்டாமல் கழிந்த அந்த ஆண்டுகளை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. போரெல் வழக்கில் 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், தயாரிப்பாளர் தம் பொருளைப் பற்றி வல்லுநருக்குரிய அறிவு உடையவராகவே கருதப்படுவார் என்றும், ஆபத்தைப் பயன்படுத்துவோருக்குச் சொல்ல வேண்டியது அவர் கடமை என்றும் தீர்ப்பளித்தது. எந்த நிறுவனத்தின் இழை எந்த நாளில் நோயை விதைத்தது என்று பிரித்தறிய இயலாது என்பதையும் ஏற்று, பொருள் விற்ற நிறுவனங்களைக் கூட்டாகப் பொறுப்பாக்கியது.

அதன் பிறகும் தடை எளிதில் வரவில்லை. 1989-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கொண்டுவந்த தடையின் பெரும்பகுதியை 1991-இல் நீதிமன்றம் நீக்கியது. குளோரின் ஆலைத் திரை, கேஸ்கட் உள்ளிட்ட எஞ்சிய பயன்களுக்கான தடை 2024 மார்ச்சில்தான் வந்தது. அதிலும் சில ஆலைகளுக்கு 12 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. வேலையிடத்தில் பட்ட கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்தியா கல்நாரை இன்னும் முழுதாகத் தடைசெய்யவில்லை. எனினும் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, அவரது உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க ஆணையிட்டது. நோய் வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலத்தை உணர்ந்து இடப்பட்ட ஆணை இது. ஆனால் அவ்வழக்கு கல்நார்ச் சுரங்கங்களையும் கல்நார் ஆலைகளையும் மனத்தில் கொண்டு தொடுக்கப்பட்டது. ஒரு ஷட்டவுனுக்கு இருபது நாள் வந்து பழைய போர்வையைப் பிரித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, நுழைவாயிலில் தரும் தற்காலிக அட்டையே அந்த ஆலையோடு உள்ள தொடர்பு. வேலை முடிந்ததும் அதையும் திருப்பித் தந்துவிடுகிறார். அறுபது வயதில் மூச்சிரைப்போடு வரும் அவரிடம் மருத்துவர் பீடி பிடிப்பதுண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த ஆலையில், எந்த ஆண்டு, என்ன வேலை பார்த்தார், கூடவே வேலை பார்த்தவர் யார் யார் என்றும் கேட்டு எழுதிவைத்தால், அந்த அட்டையில் இருந்த செய்தியில் ஒரு பகுதியாவது மீண்டும் கிடைக்கும்.