குருதி கூறுவதும் கூறாததும்

திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன்கண் தலைவி தன் நெஞ்சை விளித்துப் பலவாறு பேசுகின்றாள். நெஞ்சோ ஒரு மொழியும் விடை கூறுவதில்லை. அவ்வதிகாரத்தை யாங்கள் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த வாரத்திலேதான் சேலையூரில் வாழும் என் பெரியப்பாவுக்கு மாரடைப்புக் கண்டது. அவருடைய நெஞ்சு குருதியின் வாயிலாக விடை கூறிற்று. அவ்விடையை எங்கள் வீட்டார் இருமுறை பிழைபடப் பொருள்கொண்டனர். பொருள்கோளில் நேரும் பிழை தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. ஆயினும் இங்கே பிழைத்தால் போவது மதிப்பெண் அன்று, உயிர். ஆதலின், யான் மருத்துவம் பயில்பவன் அல்லேனாயினும், மருத்துவரை வினாவியும் நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்கத் துணிந்தேன்.

பெரியப்பா இரயில்வே பணிமனையில் நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் நெஞ்சை அழுத்தும் வலி தோன்றியபொழுது, “வாயுதான், சுக்குக் கஷாயம் போதும்,” என்றார். நெஞ்சு நோய் என்றாலே எங்கள் பக்கத்து முதியோர்க்குக் காசநோய்தான் நினைவுக்கு வரும். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து நிறுவிய சானடோரியத்தின் பெயரால் ஓர் இரயில் நிலையமே இங்கு இருக்கின்றதன்றோ? பெரியம்மா வற்புறுத்தியமையால் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தார். ஈ.சி.ஜி. படத்தில் ஐயத்துக்கு இடமற்ற குறி ஒன்றும் இல்லை. குருதியை எடுத்து டிரோபோனின் என்னும் பொருளை அளந்தனர். அளவு 9 என்று வந்தது. 14-க்கு மேற்பட்டால்தான் கவலை என்று கேட்டவுடன் வீட்டார் மகிழ்ந்து, ஆட்டோவை அழைக்கவும் முற்பட்டனர். இளைஞரான மருத்துவர் ஒருவர் மட்டும், “மூன்று மணி நேரம் இருங்கள், ஐயா, மறுபடியும் பார்க்க வேண்டும்,” என்று தடுத்தார். இரண்டாம் முறை வந்த எண் 214.

முதல் எண் பொய் கூறவில்லை. அது கூறும் காலம் அப்பொழுது வரவில்லை, அவ்வளவே. இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், டிரோபோனின் யாது என்பதை அறிதல் வேண்டும். இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை சுருங்கி விரியும் தசை. தசையின் இழைகள் எப்பொழுது ஒன்றையொன்று பற்றி இழுக்கலாம், எப்பொழுது விட வேண்டும் என்பதைக் காவலன் போல் நின்று நடத்துவதே இப்புரதம். ஜப்பானிய அறிஞர் எபாஷியும் அவர்தம் துணைவரும் 1960-களில் இதனைக் கண்டறிந்தனர். இதற்கு மூன்று உறுப்புக்கள் உள. அவற்றுள் இரண்டு, கை கால்களின் தசையில் ஒரு வடிவாகவும் இருதயத் தசையில் வேறொரு வடிவாகவும் அமைந்திருக்கின்றன. அவ்வேற்றுமையே இச்சோதனைக்கு அடிப்படை.

இருதயத்தை ஊட்டும் இரத்தக் குழாய்களுள் ஒன்று கட்டியால் அடைபட்டால், ஏறத்தாழ 20 நிமிடங்களில் அதனை நம்பியிருந்த தசையணுக்கள் மடியத் தொடங்கும்; அழிவு உட்சுவரிலிருந்து வெளிச்சுவர் நோக்கிச் சில மணி நேரம் படரும். மடிந்த அணுக்கள் உடைய, உள்ளிருந்த டிரோபோனின் சிறிது சிறிதாகக் குருதியில் கசிகின்றது. அது அளக்கத்தக்க அளவினதாதற்கு, நுண்ணிய சோதனைக்கே ஒன்று முதல் மூன்று மணி நேரம் செல்லும். மேலே கூறிய 14 என்பதும் நானோகிராம் கணக்கு. அஃதாவது ஒரு லிட்டர் குருதியில் ஒரு கிராமின் நூறு கோடியில் 14 பங்கு! கருவிக்குக் கருவி இவ்வெல்லை மாறுபடும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் வேறு சில நோயினர்க்கும் இவ்வளவு எக்காலமும் மிகுந்தே நிற்பதுண்டு. ஆதலின் மருத்துவர் ஒரே எண்ணை நம்பாது, அஃது ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்று நோக்குகின்றனர்.

இந்நிலையை எய்துதற்குள் மருத்துவ உலகம் பட்ட பாடு பெரிது. 1954-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மருத்துவர் மாரடைப்புக்குக் கண்ட முதற் குருதிக்குறி ஈரலிலும் உள்ளது. ஈரல் வருந்தினும் அஃது உயரும். அதன் பின்னர் வந்த சி.கே.எம்.பி. அதனினும் மேலாயினும், ஓடி விளையாடிய தசையையும் சிறிது சேர்த்தே கூறிவிடும். 1989-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க்கில் காட்டுஸ் என்பார் இருதய டிரோபோனினை அளக்கும் முறையை வெளியிட்ட பின்னரே ஐயம் பெரிதும் நீங்கிற்று.

இனி, வீட்டாரின் இரண்டாம் பிழைக்கு வருவோம். அடைபட்ட குழாயை ஆஞ்சியோ செய்து திறந்து, ஸ்டென்ட் வைத்தனர். மறுநாள் மூவாயிரத்துக்கு மேல் ஏறிய டிரோபோனின், அதன் பின்னர் நாள்தோறும் இறங்கிற்று. “எண் குறைகின்றது, இருதயம் தேறுகின்றது,” என்று பெரியம்மா உறவினர்க்கெல்லாம் தொலைபேசியில் கூறினார். யானும் அவ்வாறே எண்ணினேன். அஃது அவ்வாறன்று. டிரோபோனின் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரையில் குருதியில் தங்கி, யாதானும் ஒரு நாள் இறங்கியே தீரும். இருதயம் தேறினாலும் இறங்கும், தேறாவிடினும் இறங்கும். சிந்திய பாலைத் துடைத்தெடுத்தால் தரை தூயதாகும், பானை நிரம்பிவிடுமோ? எவ்வளவு தசை மடிந்தது என்பதற்குக்கூட உச்ச எண் செவ்விய அளவுகோல் அன்று. அடைப்பைத் திறந்தவுடன், தேங்கி நின்றது ஒருசேர அலசப்பட்டு எண் சடுதியில் உயர்வதும் உண்டு. எஞ்சிய தசை எவ்வாறு உழைக்கின்றது என்பதை அது சிறிதும் அறியாது.

அதனை அறிதற்குரியது எக்கோ. சுவீடன் நாட்டு லுண்டு நகரில் 1953-ஆம் ஆண்டில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாரும், உலோகத்தில் வெடிப்பு உண்டா என்று ஆராயக் கப்பல் கட்டும் தளத்தில் வைத்திருந்த ஒலிக்கருவியை இரவல் பெற்று, முதன்முதல் இருதயத்தின் அசைவைப் பதிவுசெய்தனர். இதனை யான் பெரியப்பாவிடம் கூறியபொழுது அவர் நகைத்து, “நாங்கள் இரயில் அச்சில் கீறல் பார்ப்பதும் இப்படித்தானே!” என்றார். எங்கள் எல்லாரினும் அக்கருவியை அவரே விரைவில் விளங்கிக்கொண்டார்.

எக்கோவில் கிடைத்த எண் 38. நிரம்பிய இடக்கீழறையிலிருந்து ஒவ்வொரு துடிப்பிலும் நூற்றுக்கு எத்தனை பங்கு குருதி வெளியேறுகின்றது என்பதே இக்கணக்கு. பெரியம்மா நூற்றுக்கு 38 என்று கேட்டு நடுங்கிவிட்டார். தேர்விலே 60 வாங்கினால் நடுத்தரம். இருதயத்துக்கோ 60 முழு நலம் ஆகும். 120 மில்லி நிரம்பினால் 70 மில்லி வெளியேறுவதே இயல்பு. ஆனாலும் 40-க்குக் கீழ் என்பது குறைவே. அதனை இல்லையென்று ஆறுதல் கூறுதல் பொய்யாகும். பெரியப்பாவுக்கு உண்மையான ஆறுதல் வேறிடத்தில் இருந்தது. மாரடைப்பின்பொழுது எல்லாத் தசையும் மடிவதில்லை. ஒரு பகுதி உயிரோடிருந்தும் அதிர்ச்சியால் செயலற்று மயங்கிக் கிடக்கும். குருதியோட்டம் மீண்ட பின்னர் நாட்களிலும் வாரங்களிலும் அது விழித்தெழும். இதனாலேயே மருத்துவர் முதல் வாரத்து எக்கோவைக் கொண்டு முடிவு கூறாது, ஆறு வாரங்கட்கு மேல் மீண்டும் எடுக்கச் சொல்கின்றனர்.

இருதயத்தின் உழைப்பைப் பற்றிக் கூறும் குருதிக்குறி ஒன்றும் உளது, அதற்குப் பி.என்.பி. என்று பெயர். 1988-ஆம் ஆண்டில் ஜப்பானியர் இவ்வகைப் பொருளைப் பன்றியின் மூளையில் முதலிற் கண்டமையால் மூளைப்பெயர் பெற்றது. இதன் பிறப்பிடம் பெரும்பாலும் இருதயமே என்பது பின்னரே தெரிந்தது. (இடுகுறியும் காரணமும் மயங்கிய இப்பெயருக்கு நன்னூலார் என் சொல்வாரோ!) வெளியேறாத குருதி தேங்கி அறையின் சுவர் விரியும்பொழுது, ‘பாரம் மிகுந்தது, உப்பையும் நீரையும் வெளியேற்று’ என்று சிறுநீரகத்துக்கு இருதயம் விடுக்கும் ஓலை அது. முதுமையில் இது மிகும்; உடல் பருத்தவரிடம் குறைந்து காட்டும். டிரோபோனின் நேர்ந்த புண்ணைக் கூறும்; இது சுமக்கும் பாரத்தைக் கூறும்.

ஒன்றைக் கூறாது விட்டால் இக்கட்டுரை தீமை செய்தலும் கூடும். பெரியப்பாவின் ஈ.சி.ஜி. தெளிவின்றி இருந்தமையாலேயே குருதிக்குக் காத்திருக்க நேர்ந்தது. முழு அடைப்பின் குறி அப்படத்தில் தெளிவாகத் தோன்றுமாயின், குருதிச் சோதனையின் முடிவுக்காக ஒரு கணமும் காத்திரார்; உடனே குழாயைத் திறப்பர், அன்றிக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றுவர். நம் தமிழ்நாட்டிலேயே, சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து, முன்னதில் மருந்தேற்றிப் பின்னதில் ஆஞ்சியோ செய்யும் முறையொன்றை நடத்திப் பார்த்தனர். 2017-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சி 2,420 நோயாளரைப் பற்றியது. ஓராண்டுக்குள் இறந்தோர், முறை அமையுமுன் நூற்றுக்கு 17.6, அமைந்த பின் 14.2. சுக்குக் கஷாயத்துக்குச் செலவிடும் நேரத்தையும் இக்கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டு திங்கள் கழித்து எடுத்த எக்கோவில் பெரியப்பாவின் எண் 49. டிரோபோனினை அன்று யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டியதும் இல்லை. மாத்திரைகள் தொடர்கின்றன. மாலையில் சேலையூர் ஏரிக்கரை வரையில் நடந்து வருகின்றார். பெரியம்மாவும் உடன் செல்கின்றார், காவலுக்கு.