முகத்தில் எழுதாத இனம்

1983 யூலை 25, திங்கட்கிழமை. கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டிருந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு பக்கத்து ஒழுங்கைகளுக்குள்ளும் நுழைந்த கும்பல்கள் தடியும் பெற்றோலும் மட்டும் கொண்டு வரவில்லை. சிலருடைய கையில் வாக்காளர் இடாப்பும் இருந்தது. எந்த இலக்க வீட்டில் தமிழர், எதில் சிங்களவர் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வீடு சிங்களவருக்குச் சொந்தம், வாடகைக்கு இருப்பது தமிழ்க் குடும்பம் என்றால், சாமான்களை மட்டும் தெருவுக்கு இழுத்து வந்து கொளுத்தினார்கள். வாகனங்களை மறித்த சந்திகளில் இடாப்பு உதவாது. அங்கே நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள். வாளிக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று கேட்டு, சொல்லும்போது நாக்கு எங்கே தடுக்குகிறது என்று கவனித்தார்கள். பௌத்த காதாக்களை ஒப்புவிக்கச் சொன்னார்கள். உயிர் தப்பியவர்களின் நினைவுகளில் இவை திரும்பத் திரும்ப வருகின்றன.

கொல்ல வந்தவனுக்கே முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்க முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இரண்டு மக்களைப் பிரித்தறிய ஓர் அரசாங்கப் பட்டியல் தேவைப்பட்டது.

ஆனால் இலங்கைத் தமிழரைத் திரையில் காட்ட வேண்டும் என்றதும் பல படக்காரர்கள் முதலில் எடுப்பது கறுப்புப் பூச்சைத்தான். 2021 இல் வெளிவந்த 'த ஃபமிலி மேன்' தொடரின் இரண்டாம் பாகத்தில் ஈழப் போராளி ராஜியாக நடித்த சமந்தாவின் முகத்துக்கும் கைகளுக்கும் பூச்சால் கருமை ஏற்றியிருந்தார்கள். கதை கற்பனைதான். ஆனால் அது ஓர் உண்மையான போரின் மீதும், உண்மையான மக்களின் மீதும் கட்டப்பட்ட கற்பனை. பார்ப்பவர் மனதில் பதிவது 'இந்த மக்கள் இப்படித்தான் இருப்பார்கள்' என்ற செய்தி. அந்தச் செய்தி பொய் என்பதற்கு ஒரு மீன் சாட்சி சொல்லும்.

வரிக்குதிரை மீன் என்று ஒரு சின்ன மீன் உண்டு. உடம்பில் நீளவாட்டில் கருங்கோடுகள் ஓடும். அதில் ஒரு வகைக்கு மட்டும் கோடுகள் வெளிறிப் பொன்னிறமாக இருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கீத் செங் என்பவரின் குழு இதன் காரணத்தைத் தேடி, 2005 இல் SLC24A5 என்ற மரபணுவில் வந்து நின்றது. அதே மரபணு மனிதரிடமும் இருக்கிறது. மனித மரபணுவின் செய்தியைப் பொன்னிற மீனின் கருவுக்குள் செலுத்தியபோது அதன் கருமை திரும்பி வந்தது. மீனுக்கும் மனிதருக்கும் இடையில் எத்தனை கோடி ஆண்டு இடைவெளி, ஆனாலும் தோலுக்கு நிறம் கொடுக்கும் இயந்திரம் ஒன்றே.

இந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், மனிதத் தோல் வெளிறும். மாறிய வடிவம் ஐரோப்பியரிடம் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. கிழக்காசியாவில் பழைய வடிவமே மிகுதி. தெற்காசியாவில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. இலங்கையில் சிங்களவரிடமும் தமிழரிடமும் எடுத்த மாதிரிகளிலும் இரண்டு வடிவங்களும் உண்டு. ஒரே வீட்டில், ஒரே தாயின் இரு பிள்ளைகளில் ஒருவர் மாநிறமாகவும் மற்றவர் கறுப்பாகவும் பிறப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த மரபணுவோடு வேறு பலவும் சேர்ந்து ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகக் கலைந்து அடுக்கப்படுவதால்தான் அப்படி. ஹைதராபாத், கொழும்பு ஆய்வாளர்கள் சேர்ந்து சிங்களவரின் மரபணு வரலாற்றை ஆராய்ந்து 2023 இல் வெளியிட்ட கட்டுரையும் இந்தத் தீவில் மொழி எல்லையையும் இன எல்லையையும் தாண்டி நிறையக் கலப்பு நடந்திருக்கிறது என்றே சொல்கிறது.

முகத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது என்பதற்கு இலங்கைச் சினிமாவின் சொந்தக் கதையே அத்தாட்சி. முதல் சிங்களப் பேசும் படம் 1947 இல் வந்த 'கடவுனு பொறொந்துவ'. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், தமிழர். கதாநாயகி ருக்மணி தேவி. அவருடைய இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். இறம்பொடையில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். 1978 இல் விபத்தில் இறக்கும்வரை சிங்கள ரசிகர்கள் அவரைத் தங்கள் திரையுலகின் அரசியாகவே கொண்டாடினார்கள். மறுபக்கம், 1979 இல் சுனில் ஆரியரத்ன இயக்கிய 'சருங்கலே' படத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழர் நடராஜாவாக நடித்தவர் சிங்களத் திரையின் உச்ச நட்சத்திரம் காமினி பொன்சேகா. முகம் எந்தப் பக்கமும் தடை சொல்லவில்லை. இந்தக் கூட்டு வாழ்க்கையின் ஆவணங்கள் பலவும் 1983 இல் எரிந்துபோயின. தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது உள்ளே இருந்த சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சாம்பலாயின. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார்.

இனி பூச்சுக்கு வருவோம். நிறம் பூசிய தோல் திரையில் ஏன் பொய்யாகத் தெரிகிறது? தோலின் மேல் விழும் ஒளியில் மிகச் சிறிய பகுதிதான் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. எந்த நிறத் தோலானாலும் அந்த அளவு ஏறக்குறைய ஒன்றே. மிச்ச ஒளி உள்ளே இறங்கும். மேல் அடுக்கில் மெலனின் அதில் ஒரு பங்கை விழுங்கும். கீழ் அடுக்கில் இரத்தம் இன்னொரு பங்கை விழுங்கும். எஞ்சியது சிதறி, அலைந்து, வேறோர் இடத்தால் வெளியே வரும். உயிருள்ள தோலின் மினுக்கம் அப்படி உள்ளே போய்த் திரும்பி வந்த ஒளி. கறுத்த தோலில் உள்ளிருந்து திரும்பும் ஒளி குறைவாக இருப்பதால் மேற்பரப்பின் பளபளப்பு இன்னும் துலக்கமாகத் தெரியும். கன்னத்து எலும்பிலும் மூக்கு நுனியிலும் வெள்ளிக் கீற்றுப்போல் நிற்கும். பூச்சு இந்தப் போக்குவரத்தை வாசலிலேயே மறித்துவிடுகிறது. முகம் சுவராகிவிடுகிறது.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் காட்சியை நிறுத்திக் கைகளைப் பாருங்கள். இயற்கையாகக் கறுத்த கையில் விரல் மூட்டுகள் புறங்கையைவிட இன்னும் கருமையாக இருக்கும். உள்ளங்கை வெளிறியிருக்கும், ஆனால் அதன் ரேகைகள் கருங்கோடுகளாக ஓடும். பூசிய கையில் மூட்டும் புறங்கையும் ஒரே நிறம். உள்ளங்கை ரேகைகள் வெறுமையாகக் கிடக்கும்.

படச்சுருளே நீண்ட காலம் கறுத்த தோலுக்கு எதிராக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் நிழலுக்குள் மூழ்கின, பல்லும் கண்ணும் மட்டும் மிஞ்சின. மொன்றியலைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா றோத் இதைத் தோண்டி எடுத்தார். நிறுவனத்தைப் பிறகு அசைத்தவர்கள் சொக்லட் விளம்பரக்காரர்களும் தளபாட வியாபாரிகளும் என்று அவர் காட்டுகிறார்: சொக்லட்டின் வகைகளும் மரத்தின் வகைகளும் படத்தில் பிரித்துத் தெரியவில்லை என்பது அவர்களுடைய முறைப்பாடு. எத்தனையோ கோடி மனித முகங்களுக்காக நடக்காத திருத்தம் அலுமாரிக்காக நடந்தது. இன்றைய டிஜிட்டல் கமராவுக்கு அந்தச் சாக்கு இல்லை. கறுத்த தோலின் நூறு சாயல்களையும் அது பிடிக்கும். எனவே இன்றைக்குப் பூசுவது தொழில்நுட்பத்தின் குறை அல்ல, படக்காரரின் தேர்வு.

சரி, இனத்தின் அடையாளம் முகத்தில் இல்லையென்றால் எதில் இருக்கிறது? காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் மாலை நேரம் ஏறிப் பாருங்கள். நெரிசலில் நிற்கும் முகங்களை வைத்து யார் யார் என்று சொல்ல உங்களால் முடியாது. ஒருவரின் கைத்தொலைபேசி அடிக்கும். 'ஹலோ' என்பார். அவ்வளவுதான், தெரிந்துவிடும்.

இது மிகையல்ல. 1999 இல் பர்னெல், இட்சார்டி, ஜோன் போ என்ற மூன்று மொழியியலாளர்கள் அமெரிக்க ஆங்கிலத்தின் மூன்று வழக்குகளில் 'ஹலோ' என்ற ஒரே சொல்லைப் பதிவுசெய்து போட்டுக்காட்டினார்கள். கேட்டவர்கள் நூற்றுக்கு எழுபது தடவை போலச் சரியாகப் பிரித்தார்கள். அரை விநாடிகூட நீளாத ஒலி அது. அதே ஆய்வில் கறுப்பினத்தவரான போ, வாடகை வீடு கேட்டு சான் பிரான்சிஸ்கோப் பகுதி வீட்டுக்காரர்களுக்கு மூன்று குரல்களிலும் மாறி மாறித் தொலைபேசி எடுத்தார். வெள்ளையர் வாழும் பகுதிகளில் கறுப்பினத்தவர் பேச்சுக்கு வீடு பார்க்க வரச்சொல்லும் அழைப்பு குறைந்தது. முகமே காணாத ஒருவருக்குக் கதவு மூடியது. வாளியின் பெயரைச் சொல்லச் சொன்னவனும் இதே அறிவைத்தான் பாவித்தான்.

ஆகவே உண்மைக்கு நெருக்கமாகப் படம் எடுக்க விரும்புபவர் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் நாக்கு. தமிழ்நாட்டுத் திரையில் ஈழத் தமிழ் என்றால் 'தெனாலி' படம் போட்டுக் கொடுத்த ஒரே இழுவைதான் இன்றும் பலருக்கு. யாழ்ப்பாணத்தில் இவனுக்கும் அவனுக்கும் நடுவே உவன் என்று ஒருவன் உயிரோடு இருக்கிறான். மட்டக்களப்பு வேறு. மலையகம் வேறு. கொட்டாஞ்சேனையில், ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவரின் தமிழ் இவை எதுவும் அல்ல. சிங்களமும் இந்திய வம்சாவளித் தமிழும் துறைமுகத்துப் பேச்சும் அதில் கலந்திருக்கும். வெள்ளவத்தை வீட்டில் தாய் யாழ்ப்பாணத்துத் தமிழில் கூப்பிட, மகள் கொழும்புத் தமிழில் பதில் சொல்லுவாள்.

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' நாவலைத் தீபா மேத்தா 2020 இல் படமாக்கியபோது எழுந்த கோபத்துக்கு இதுதான் வேர். 1983 ஐ நோக்கி நகரும் கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதை. நூலாசிரியர் அந்த நகரில் அந்தக் காலத்தில் வளர்ந்தவர். பாட்டி முதற்கொண்டு முக்கிய வேடங்கள் பலவற்றில் தமிழர் அல்லாதவர்கள் நடித்தார்கள். அவர்கள் வாயில் தமிழ் உடைந்து விழுந்தது. தமிழ் பேசியதற்காக எரிக்கப்பட்டவர்களின் கதையில் தமிழே ஊமையாகிவிட்டது என்று கனடாத் தமிழர்கள் குறைப்பட்டது நியாயமானது. படத்தின் நேர்மையையும் சொல்ல வேண்டும். கறுவாத்தோட்டப் பக்கத்து வசதியான தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் ஆங்கிலம் பேசியது உண்மை. படம் அதை மறைக்கவில்லை. ஆங்கிலம் பாதிக்கு மேல் என்பதாலேயே ஒஸ்கார் விருதுக் குழு, கனடா அனுப்பிய அந்தப் படத்தைச் சர்வதேசப் படப் பிரிவில் ஏற்க மறுத்தது.

அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார் 'தீபன்' எடுத்தார். நாயகனாக அவர் தேர்ந்தது எழுத்தாளர் ஷோபாசக்தியை. இயற்பெயர் அன்ரனிதாசன் யேசுதாசன். இளவயதில் போராளி இயக்கத்தில் இருந்து, பிறகு அகதியாகப் பாரிஸ் வந்தவர். அவருக்கு நிறமும் பூச வேண்டியிருக்கவில்லை, குரலும் இரவல் வாங்க வேண்டியிருக்கவில்லை. 2015 இல் கான் விழாவின் தங்கப் பனை அந்தப் படத்துக்குக் கிடைத்தது. மொழி தெரியாத இயக்குநரால் இது முடிந்தது என்றால் மற்றவர்கள் என்ன காரணம் சொல்லப்போகிறார்கள்?

படம்தானே, போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம் நம் மூளை. 2009 இல் அண்ட்ரூ பட்லரும் உடன் ஆய்வாளர்களும் சென் லூயிஸ் நகரில் மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடங்களை வாசிக்கக் கொடுத்து, அதே நிகழ்வுகளைப் பற்றிய திரைப்படத் துண்டுகளையும் காட்டினார்கள். பாடமும் படமும் ஒத்துப்போன இடங்களில் படம் பார்த்தவர்களுக்குப் பாடம் இன்னும் நன்றாக நினைவில் நின்றது. பாடத்துக்குப் படம் முரணான இடங்களில் நடந்தது வேறு. சில நிலைகளில் பாதித் தடவை வரைக்கும் மாணவர்கள் படத்தின் பொய்யையே பாடத்தில் வாசித்த உண்மையாக எழுதினார்கள். அதுவும் உறுதியான நம்பிக்கையோடு. 'படத்தில் பிழைகள் இருக்கலாம், கவனம்' என்று பொதுவாக எச்சரித்தது உதவவில்லை. இன்ன காட்சியில் இன்ன விடயம் பிழை என்று குறிப்பாகச் சொன்னபோது மட்டுமே பொய் பெருமளவு விலகியது. நினைவு ஒரு விடயத்தைச் சேமிக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்ற முகவரியை அத்தனை பத்திரமாகச் சேமிப்பதில்லை.

யூலை 83 ஐக் கண்டவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரொறன்ரோவிலும் வளரும் பிள்ளைகள் அந்த நாளைத் திரையில்தான் காணப்போகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். 'இதெல்லாம் படம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இந்த நடிகையின் நிறம் பூசியது, எங்கள் அம்மம்மா இப்படிக் கதைக்கமாட்டா, கும்பலிடம் இடாப்பு இருந்தது என்று காட்சி காட்சியாக, பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.